பிரம்பும் வேதபாடமும்: குமரி மாவட்டப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையில் பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) வகுப்பு எடுக்கிறேன். மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிகிற அன்று பெற்றோரோடு பேச ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். அப்போது வருகிற கேள்விகள் அநேகமாக ஒரே இடத்தைத்தான் சுற்றும்: பிள்ளையை அடக்கி வளர்ப்பதா, விட்டுப் பிடிப்பதா? கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி எடுக்கும் என் தோழிகளிடமும் பெற்றோர் இதையேதான் கேட்கிறார்களாம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கண்டிப்பாக இருப்பதே தப்பு என்கிறீர்களா?

இல்லை. கண்டிப்பு வேறு, அடக்கியாள்வது வேறு. அமெரிக்காவில் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960-களில் குழந்தை வளர்ப்பை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். முதல் வகைப் பெற்றோர் கட்டளை போடுவார்கள், காரணம் சொல்லமாட்டார்கள், எதிர்க்கேள்வி வந்தால் அடிப்பார்கள். இரண்டாம் வகையினரும் விதி வைப்பார்கள், விதியில் உறுதியாகவும் நிற்பார்கள். ஆனால் ஏன் என்று சொல்வார்கள், பிள்ளை பேசுவதைக் கேட்பார்கள். மூன்றாம் வகையினர் எதையும் கண்டுகொள்ளாமல் பாசத்தில் விட்டுவிடுவார்கள். பிறகு 1983-இல் மக்கோபி, மார்ட்டின் என்ற இருவர் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பிள்ளை இருக்கிறதா இல்லையா என்றே கவனிக்காத பெற்றோர் அந்த வகை.

நம் வீடுகளில் முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் நடுவில் வேறு வழியே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறோம். ‘அடிக்காதே’ என்றால் உடனே ‘அப்போ தலையில் ஏறி உட்காரட்டுமா?’ என்று கேட்பது அதனால்தான். நான் சொல்வது இரண்டாவது வகையை. அதற்குப் பொறுமை அதிகம் வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எப்போதாவது கொடுக்கிற ஒரு லேசான அடியைப் பெரிய கேடு என்று பாம்ரிண்ட் சொல்லவில்லை. அதே சமயம், 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கட்டுரை ஒன்று, அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரண்டும் மனச்சோர்வும் கூடுதலாக இருப்பதாகத்தான் காட்டியது. கீழ்ப்படிதல் கூடியதாக அது சொல்லவில்லை.

‘பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்’ என்று வேதத்திலேயே இருக்கிறதே?

இருக்கிறது. நீதிமொழிகள் 13:24. 22:15, 23:13 வசனங்களிலும் பிரம்பு வருகிறது. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் அநேகமாக வேதத்தை மதிக்கிறவர்கள். அதனால் அந்த வசனத்தை ஒதுக்கிவிட்டுப் பேச நான் விரும்பவில்லை.

அந்த இடங்களில் பிரம்பு என்று மொழிபெயர்த்திருக்கும் எபிரெயச் சொல் ‘ஷேபெத்’. சங்கீதம் 23-இல் ‘உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்’ என்று எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் சொல்கிறார்களே, அந்தக் கோலும் இதே ஷேபெத்தான். மேய்ப்பன் கையில் இருக்கிற கோல் அது. ஓநாயை விரட்டவும் ஆட்டை எண்ணவும் அது உதவும். அதைப் பார்த்தால் ஆட்டுக்குத் தைரியம் வரும். நம் வீட்டுப் பிரம்பைப் பார்த்து எந்தப் பிள்ளைக்காவது தைரியம் வந்திருக்கிறதா?

அந்தக் காலத்தில் கோலால் அடிக்கவும் செய்தார்கள், இல்லை என்று சொல்லவரவில்லை. நீதிமொழிகள் அந்தக் காலத்து ஞானிகள் தங்கள் உலகத்தில் நின்று சொன்ன அறிவுரை. அந்த உலகத்தில்தான் உபாகமம் 21-ஆம் அதிகாரமும் இருக்கிறது. அடங்காத மகனை ஊர் வாசலுக்குக் கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறது அது. அதை அப்படியே செய்ய வேண்டும் என்று களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு போதகரும் பிரசங்கம் பண்ணியதில்லை. ஆக, எதை எழுத்துக்கு எழுத்து எடுப்பது, எதை அதன் கருத்தில் எடுப்பது என்று நாம் ஏற்கனவே தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அடுத்தது எபேசியர் 6:4. ‘பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக.’ ரோமச் சட்டப்படி பிள்ளையின் உயிர்மேலேயே தகப்பனுக்கு அதிகாரம் இருந்த காலத்தில் பவுல் இதை எழுதினார். பிள்ளைகளே கீழ்ப்படியுங்கள் என்பது அந்தக் காலத்தில் எல்லாரும் சொன்னதுதான். தகப்பனையும் கூப்பிட்டு, நீ எல்லை மீறாதே என்றாரே, புதிது அதுதான். கொலோசெயர் 3:21-இல் அதற்குக் காரணமும் சொல்கிறார்: பிள்ளைகள் திடனற்றுப்போவார்கள். நம் பிரசங்கங்களில் 6:1 கேட்கிற அளவுக்கு 6:4 கேட்பதில்லை.

அந்த வசனத்தில் வரும் ‘சிட்சை’யையும் கொஞ்சம் பாருங்கள். சமஸ்கிருதத்தில் அதற்குக் கல்வி, பயிற்சி என்று பொருள். மலையாளத்தில் ‘சிக்ஷ’ என்றால் தண்டனை. எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இரண்டாவது அர்த்தம்தான் காதில் விழுகிறது. மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் ‘பைதெயா’. கண்டித்துத் திருத்துவதும் அதில் அடங்கும், ஆனால் ஒரு பிள்ளையை ஆளாக்குகிற முழுப் பயிற்சிக்கும் அதுதான் பெயர்.

அப்படியானால் இந்த அடி வழக்கம் மிஷனரிகளோடு வந்ததா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ‘முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும்’ என்பது எந்த வெள்ளைக்காரரும் சொல்லிக் கொடுத்ததல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம், அண்ணாந்தாள் என்று தண்டனைக்குத் தனித்தனிப் பெயரே இருந்தது.

ஆனால் ஐரோப்பியச் சுவிசேஷ மரபும் இதற்குத் துணை நின்றது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா 1732-இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளையின் மனதை உருவாக்க முதலில் அதன் சுயசித்தத்தை வெல்ல வேண்டும் என்றார். அந்தக் கருத்து சபைகள்தோறும் பரவியது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் இதற்கும் முந்தியவர். ஒரு கொட்டையை எடுத்ததற்காகத் தாய் ரத்தம் வரும்வரை அடித்ததைப் பெரியவரான பிறகும் மறக்காமல் சொன்னார். பிரம்புக்குப் பக்கத்தில் ஆப்பிளும் இருக்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். பிள்ளைகளுக்காக அவர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை நூல், ‘இதற்கு அர்த்தம் என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போகும்.

நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் பாட்டா பாட்டி தலைமுறையைக் குறை சொல்வது நியாயமில்லை. மிஷனரி ரிங்கல்தோபே 1806-இல் மயிலாடிக்கு வந்தபோது இங்கிருந்த மக்களில் பலர் திருவிதாங்கூர் அரசுக்கும் நிலக்காரர்களுக்கும் கூலியில்லாமல் ஊழியம் செய்தவர்கள். மேலாடை போட்டதற்காகப் பெண்கள் அடிபட்ட ஊர் இது. 1859-இல்தான் அரசர் அதற்கு அறிக்கை மூலம் அனுமதி கொடுத்தார், அதுவும் நிபந்தனையோடு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். அந்த மக்களுக்கு மேலே ஏறக் கிடைத்த ஒரே ஏணி பள்ளிக்கூடம். சுத்தமான உடை, நேரம் தவறாமை, வேதவாசிப்பு, எழுத்து எல்லாம் அதன் படிகள். படி வழுக்கினால் பிள்ளை பழைய இடத்துக்கே போய்விடும் என்ற பயம் பெற்றோருக்கு இருந்தது. அந்தப் பயம்தான் கையில் பிரம்பை எடுக்க வைத்தது.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். நிலக்காரன் கையில் இருந்த சாட்டைக்குத் தப்பி வந்த மக்கள், அதே மாதிரி ஒன்றைத் தங்கள் வீட்டு அலமாரி மேல் வைத்துக்கொண்டார்கள். என் சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் அது இருந்தது. அலமாரியின் மேல்தட்டில் வேதப்புத்தகம், அதன் பக்கத்திலேயே நுனியில் கறுப்பு டேப் சுற்றிய பிரம்பு. அப்பா ஒன்றை எடுக்கக் கை நீட்டினால் எதை எடுக்கப்போகிறார் என்று தெரியாமல் நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இன்றைக்கும் தோல் அட்டை போட்ட பழைய வேதப்புத்தகத்தின் வாசனை வந்தால் என் தோள் தன்னால் இறுகும்.

எங்களையும் அடித்துத்தான் வளர்த்தார்கள். நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?

நன்றாக இருக்கிறோம், சரி. அடியால்தான் நன்றாக இருக்கிறோமா, அடியையும் தாண்டி நன்றாக இருக்கிறோமா? ராத்திரி காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, கடன் வாங்கிப் பீஸ் கட்டிய அப்பா, இவர்களெல்லாம் நம்மை வளர்க்கவில்லையா? அதையெல்லாம் விட்டுவிட்டு, பெருமை முழுவதையும் பிரம்புக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அதே தெருவில் அதே அளவு அடி வாங்கி, நன்றாக இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை.

மனப்பாட வசனமும் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். நான் சங்கீதம் 23-ஐ ஆறு வயதில் அர்த்தம் தெரியாமல் படித்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரிதான் அர்த்தம் வந்தது. மனதில் இருந்ததால்தானே வந்தது?

வேதபாடம் என்றால் கேள்வியும் பதிலும் என்பது தமிழில் மிகப் பழைய வழக்கம். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம்தான் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அடுத்த ஆண்டே கொச்சியில் வந்த கிரிசித்தியானி வணக்கம் வினா விடையாகவே எழுதப்பட்டது. இரண்டும் போர்த்துகலிலிருந்து வந்த மிஷனரி அண்டிரிக் அடிகளார் கொடுத்தவை. அதற்கும் முன்னால், 1540-களில், சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். நம் கடற்கரையில் பிள்ளைகள் பெரியவர்களுக்கு வேதபாடம் எடுத்த காலமும் இருந்திருக்கிறது!

தப்பு மனப்பாடத்தில் இல்லை. வசனம் சொல்லாவிட்டால் சாப்பாடு இல்லை, வாசலில் முட்டி போடு என்பதில்தான் தப்பு. ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்ற வசனத்தை முட்டி போட்டுக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கு எது மனதில் பதியும்? முட்டி வலிதான் பதியும். வசனத்தோடு நல்ல நினைவு ஒன்று ஒட்டியிருக்கட்டும். பாட்டுக் கட்டுங்கள், கதை சொல்லுங்கள், நீங்களும் சேர்ந்து படித்துத் தடுமாறுங்கள். என் வகுப்பில் நான் மறந்தால் பிள்ளைகள் எடுத்துக்கொடுக்கலாம் என்று விதி வைத்தேன். அப்புறம் எல்லாருக்கும் வசனம் தெரிந்தது.

பிள்ளை ‘கடவுள் உண்டா?’ என்று கேட்டால் என்ன செய்வது? விதண்டாவாதம் வளராதா?

நாலைந்து வருடத்துக்கு முன்னால் நோவாவின் பேழைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பேழையை வெட்டி ஒட்டச் சொல்லியிருந்தேன், எல்லாரும் கை முழுக்கப் பசையோடு இருந்தார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எழுந்தான். ‘டீச்சர், தண்ணியில செத்துப்போன பச்சப்பிள்ளைங்க என்ன பாவம் செஞ்சது?’ என்று கேட்டான். கேட்டு முடித்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். கேள்வி கேட்டால் முதலில் எந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும் என்று அவனுக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

கையை மடியில் வைத்துக்கொண்டேன். ‘எனக்கும் அது புரியலை மக்களே. நானும் நினைச்சு அழுதிருக்கேன்’ என்றேன். உண்மையும் அதுதான். அவன் உட்கார்ந்து மறுபடி ஒட்ட ஆரம்பித்தான். அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு வந்தான். கேள்வி கேட்கிற பிள்ளை போய்விடவில்லை. கேட்க இடம் கிடைக்காத பிள்ளைதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து, கல்லூரி விடுதிக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமையே விட்டுவிடுகிறது.

பஸ்கா இரவைப் பற்றிச் சொல்லும் யாத்திராகமம் 12:26, உங்கள் பிள்ளைகள் இதன் கருத்து என்ன என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வயது இயேசுவும் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் (லூக்கா 2:46). மூன்று நாள் தேடித் தவித்த மரியாள் அவரை அடிக்கவில்லை. ‘ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?’ என்று கேட்டார், பதிலையும் கேட்டுக்கொண்டார். அந்தப் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று அடுத்த வசனங்களில் எழுதியிருக்கிறது. பிள்ளை சொல்வது விளங்காமல் போனாலும் குடும்பம் உடைந்துவிடாது.

‘கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணைக் குத்துவார்’ என்று சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பா வளைகுடாவில். கடற்கரை ஊர்களில் அப்பா ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. ‘அப்பா வரட்டும், சொல்லிக்கொடுக்கிறேன்’ என்று அம்மா மிரட்டுகிறார். அப்பா என்றால் தூரத்தில் இருந்து கணக்கு வைத்துக்கொண்டு, ஒருநாள் வந்து தண்டிக்கிறவர் என்று பிள்ளைக்கு ஆகிவிடுகிறது. பிறகு பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே என்று ஜெபிக்கச் சொல்கிறோம். அந்தப் பிதாவும் பிள்ளைக்கு அப்படியேதான் தெரிவார்.

வீடியோ கால் வரும்போது புகார்ப் பட்டியலை வாசிக்காதீர்கள். அன்றைக்குப் படித்த வசனத்தைப் பிள்ளை அப்பாவுக்குச் சொல்லட்டும், அப்பா இரண்டு நிமிடம் ஜெபம் பண்ணட்டும்.

15 வயது மகன் ஆராதனைக்கு வரமாட்டேன் என்கிறான். இழுத்துக்கொண்டு போகலாமா?

விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலுக்கோ உறுதிப்பூசுதலுக்கோ ஆயத்தப்படுகிற வயதில்தான் இந்தச் சண்டை அதிகம். உடம்பை இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைக்கலாம். அதற்கு மேல் நம் கை எட்டாது.

நாம் பெருமையோடு சொல்லும் தேவசகாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டாலத்துக்காரர், அரண்மனை அதிகாரி. துன்பத்தில் இருந்தபோது முன்பு டச்சுப் படையில் இருந்த டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டார், யோசித்தார், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அப்புறம் வருடக்கணக்கில் சித்திரவதை செய்தும் அவரை மாற்ற முடியவில்லை. 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அடித்து ஒருவருடைய விசுவாசத்தை எடுக்க முடியவில்லை. அடித்து உள்ளே வைக்க மட்டும் எப்படி முடியும்?

வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-இலிருந்து 35 ஆண்டுகளுக்கு மேல் 350-க்கும் அதிகமான குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரின் பக்தி மட்டும் போதவில்லை, உறவில் நெருக்கம் இருந்த வீடுகளில்தான் விசுவாசம் அடுத்த தலைமுறைக்குப் போயிருந்தது. அதிலும் அப்பாவின் நெருக்கம் மிக முக்கியமாக இருந்தது. அப்பாமார் இதைக் கவனிக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஏன் வரப் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். சில நேரம் விசுவாசப் பிரச்சினையே இருக்காது. வாலிபர் கூட்டத்தில் யாரோ கேலி செய்திருப்பார்கள், அல்லது சபைத் தேர்தல் சண்டையைப் பார்த்து வெறுத்துப்போயிருப்பான். வீட்டு ஜெபத்துக்கு மட்டும் உட்காரச் சொல்லுங்கள், அதில் அவன் வாய் திறந்து ஜெபிக்க வேண்டும் என்று நெருக்காதீர்கள். போப் பிரான்சிஸ் 2016-இல் குடும்பத்தைப் பற்றி எழுதியபோது, பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைவிட உள்ளத்தில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் பெரிது என்ற பொருளில் சொன்னார். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரி, ஆனாலும் அது எனக்கு உதவியிருக்கிறது.

ஓய்வுநாள் பள்ளியிலோ மறைக்கல்வியிலோ ஆசிரியர் அடிக்கலாமா?

கூடாது. பள்ளிக்கூடங்களில் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ‘எங்கள் வகுப்பு பள்ளிக்கூடம் இல்லையே’ என்று சிலர் சொல்வார்கள். தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 75-ஆம் பிரிவு வரும். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது.

இதில் சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. பெரியவர் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே, அதுவும் ஊழியக்காரரை எதிர்ப்பது கடவுளை எதிர்ப்பது என்று பழக்கிய பிள்ளையிடம் ஒரு பெரியவர் தவறாக நடந்தால், அது யாரிடம் சொல்லும்? எப்படிச் சொல்லும்? ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிவது பிள்ளைக்குப் பாதுகாப்பு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி இப்படி ஒன்று தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. சபை மானம் என்று மூடிவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

பாட்டி ஒத்துக்கொள்ளமாட்டார். ‘நீ பிள்ளையைக் கெடுக்குற’ என்கிறார்.

பாட்டியிடம் வாதாடாதீர்கள். அவர் எப்படி வளர்ந்தார் என்று பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போன அப்பா, அரைப்பட்டினியோடு நடந்து போன பள்ளிக்கூடம் எல்லாம் வரும். நடுவில் அவர் வாங்கிய அடியும் வரும். அந்த இடத்தில் குரல் மாறுவதைக் கவனியுங்கள்.

நேற்றும் அடித்துவிட்டேன். இப்போது என்ன செய்ய?

இந்தக் கேள்வி கூட்டத்தில் வராது. எல்லாரும் போனபிறகு, சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்று மெதுவாகக் கேட்பார்கள். நானும் அடித்திருக்கிறேன். ஏழாம் வகுப்புக் கணக்குத் தேர்வு மதிப்பெண்ணுக்காக என் மகளை ஸ்கேலால் அடித்துவிட்டு, அரைமணி நேரத்தில் குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டேன். ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்ற இடத்தில் அவள் சத்தம் நின்றுவிட்டது.

ஜெபத்தை நிறுத்திவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘ஆனா நீயும் படிக்கலை’ என்ற பின்குறிப்பு இல்லாமல் கேட்பதற்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் உடனே மன்னிக்கவில்லை, மூன்று நாள் பேசவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. நான்காம் நாள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேனாவைத் திறந்தாள்.